மழையில் எழும்பிய தேக்குத் தரை: நாக்கும் காடியும் எடுத்த பலகையைக் கழற்றுவதா, அப்படியே விடுவதா?

#1 தன்லின்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனுக்கு எதிர்க்கரையில், தன்லினில் இருக்கிறேன். வீடு தாத்தா கட்டியது. கீழே செங்கல், மேலே பலகை, கூரை தகரம். மாடிக் கூடம் 16 அடி நீளம், 12 அடி அகலம். அங்கே இருந்த பழைய தரைப்பலகைகள் ஒன்றோடொன்று வெறுமனே முட்டிக்கொண்டு கிடந்தவை. இடுக்கில் சுண்டுவிரல் நுனி போகும். அம்மாவின் தையல் ஊசி, பிரஷர் மாத்திரை, ஒருமுறை மகளின் கம்மல், எல்லாம் அந்த வழியாகக் கீழே போயிருக்கின்றன. கம்மல் கிடைத்தது. திருகாணி கிடைக்கவில்லை.

போன பிப்ரவரியில் தரையை மாற்ற இறங்கினேன். தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. நகரத்தில் ஒரு மரக்கடையில் நாக்கும் காடியும் எடுத்த தேக்குப் பலகை வாங்கினேன். ஒரு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது நாக்கு, அடுத்த பலகையின் ஓரத்தில் அது நுழைகிற பள்ளம் காடி. முகப்பு 4 அங்குலம், கனம் முக்கால் அங்குலம். சூளையில் உலர்த்தியது என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இரண்டு பர்மிய லெட்தமாக்கள், அதாவது தச்சர்கள், மூன்றே நாளில் போட்டு முடித்தார்கள். இடுக்கில் காகிதம்கூட நுழையாது. வந்தவர்கள் எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

இப்போது ஜூலை. கூடத்தின் நடுவில் தரை கவிழ்த்த படகு மாதிரி எழும்பி நிற்கிறது. கயிறு கட்டிப் பார்த்தேன், ஒன்றே கால் அங்குலம். ராத்திரியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அம்மா எழுந்து போகிறார். மரம் நல்ல மரம், தச்சுவேலைதான் தப்பு என்கிறார் கடைக்காரர். வேலை சரி, மரம்தான் ஈரம் என்கிறார்கள் லெட்தமாக்கள். மழை விட்டால் தானாக அடங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். அடங்குமா? இல்லை கழற்றத்தான் வேண்டுமா?

#2 தாம்வே ஆசாரி

கடைக்காரரும் லெட்தமாவும் கொஞ்ச நேரம் சண்டை போடட்டும் தம்பி. முதலில் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

பலகை ஒவ்வொன்றும் கிண்ணம் மாதிரி ஓரம் தூக்கி நிற்கிறதா, இல்லை பலகை தட்டையாகவே இருந்து தரை மொத்தமாக எழும்பியிருக்கிறதா? செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் குறுக்கே நடந்து பாருங்கள், கண்ணைவிடக் கால் நன்றாகச் சொல்லும். சுவரோரம் எவ்வளவு இடம் விட்டார்கள்? ஆணி எங்கே அடித்தார்கள்? பலகை வாங்கி வந்ததும் வீட்டில் எத்தனை நாள் கிடந்தது?

#3 தன்லின்காரன்

ஓரம் லேசாகத் தட்டுப்படுகிறது, ஆனால் பெரிய தூக்கல் தரைக்கு மொத்தமாகத்தான். சுவரோரம் அடிப்பட்டை அடித்து மூடியிருக்கிறது, உள்ளே எவ்வளவு இடம் என்று தெரியவில்லை. வாங்கி வந்த மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. ஆணியைப் பற்றிக் கேட்டால் அந்த லெட்தமா சிரிக்கிறார்.

#4 பகோ கணக்குப்பிள்ளை

ஆசாரி அண்ணன் பதில் எழுதுவதற்குள் நான் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறேன்.

மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். உலர்த்திய மரமும் அப்படித்தான். சூளையில் போட்டால் உள்ளே இருந்த ஈரம் போகிறது, குடிக்கிற பழக்கம் போவதில்லை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது மரத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் ஈரம் நிற்கும். காற்று 80 சதவீதத்தில் வாரக்கணக்கில் நின்றால் மரம் 16 சதவீதத்துக்கு வந்துவிடும். பிப்ரவரி மத்தியானத்தையும் ஜூலையையும் நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே 6 புள்ளி வித்தியாசம் சாதாரணம்.

பச்சை மரம் எலும்பாகக் காயும்வரை தேக்கு குறுக்கே சுருங்குவது, அறுத்த விதத்தைப் பொறுத்து மாறும். மரத்தின் வளையத்தை ஒட்டினாற்போல் அறுத்த பலகை 5 சதவீதத்துக்குச் சற்று மேலே. வளையத்துக்குக் குறுக்கே, நடுவிலிருந்து ஆரக்கால் மாதிரி அறுத்தது அதில் பாதி. மற்ற பல மரங்களோடு பார்த்தால் இது குறைவுதான், தேக்குக்குப் பேர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் குறைவு என்றால் சைபர் என்று அர்த்தம் இல்லையே. 6 புள்ளி ஈரத்துக்கு 4 அங்குலப் பலகை ஒன்று சுமார் 1.1 மில்லிமீட்டர் விரியும். 12 அடி அகலத்துக்கு 36 பலகை. மொத்தம் 40 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலத்துக்கு மேல்! ஆரக்கால் அறுப்பாக இருந்தால் 20 மில்லிமீட்டர்.

அந்த ஒன்றரை அங்குலம் எங்கே போகும்? பக்கத்தில் சுவர், கீழே உத்தரம். மேலேதான் வழி.

#5 நவீனன்

இதற்கெல்லாம் ஏன் தலையை உடைக்கிறீர்கள்? கழற்றி எறிந்துவிட்டு லேமினேட் போடுங்கள். ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும், ஆணி வேண்டாம், ஆசாரியே வேண்டாம்.

#6 பகோ கணக்குப்பிள்ளை

நவீனன் தம்பி, அந்தக் கிளிக் பூட்டும் நாக்கும் காடியும்தான், நாக்கில் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1990-களின் பிற்பாதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த வேலை. அதன் நடுவில் இருப்பது அழுத்திய மரத்தூள் அட்டை. தகரக்கூரை ஒழுகி ஒரு வாளித் தண்ணீர் கொட்டினால் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி வீங்கும், திரும்பச் சுருங்காது. அதற்கும் சுவரோரம் இடம் விட்டே ஆக வேண்டும். பழைய பலகை வீட்டு உத்தரத்தின் மேல் நேராகப் போடவும் முடியாது, கீழே முழுத்தளம் வேண்டும்.

#7 மாண்டலே மாமா

எங்கள் ஊரில் இந்தத் தொல்லையே இல்லை. 15 வருடத்துக்கு முன்னால் என் வீட்டில் இறுக்கி அடித்த தரை, இன்றுவரை அசையவில்லை. ரங்கூன் தச்சர்களுக்கு வேலை தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

அதோடு, இடுக்கு இருந்தால்தான் என்ன? அமரபுரத்தில் ஊ பெய்ன் பாலம் 1850 வாக்கில் தேக்கில் கட்டியது, பலகை எல்லாம் இடைவெளியோடுதான் கிடக்கிறது. ஊரே நடக்கிறது.

#8 தாம்வே ஆசாரி

மாமா, பாலத்தில் தன்லின் தம்பியின் அம்மா ஊசியில் நூல் கோர்க்க உட்காருவதில்லை. அப்புறம், உங்கள் ஊர் வறண்ட பூமி. வருடத்தில் ஆயிரம் மில்லிமீட்டர் மழையைத் தொடுவதே அபூர்வம். ரங்கூனில் 2,500-க்கு மேல், மோல்மீனில் 4,500-க்கு மேல். அதுவும் மே கடைசியில் தொடங்கினால் அக்டோபர் வரை துணி காயாது. உங்கள் தச்சரை இங்கே கூட்டி வந்து அதே கையால் அதே தரையை அடிக்கச் சொல்லுங்கள், ஆடி முடிவதற்குள் மாமாவும் மாடியிலிருந்து எழும்புவார்.

தன்லின் தம்பி, பேசிக்கொண்டே இருந்தால் விளங்காது. ஒரு பலகையைக் கிளப்புங்கள். நடுவில் வேண்டாம், சுவரோரம். அடிப்பட்டையை முதலில் எடுங்கள்.

#9 வியாசர்பாடி வாசகன்

விஷயத்துக்குக் கொஞ்சம் வெளியே. நான் சென்னை. அப்பா 1964-ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். நகையும் பணமும் எடுத்துவர விடவில்லை, தச்சுச் சாமானை யாரும் கேட்கவில்லையாம். அவர் பெட்டியில் இரும்பாலான ஒரு இழைப்புளி இருக்கிறது. ஸ்டான்லி என்றும் 48 என்றும் பொறித்திருக்கிறது. பிளேடு ஒன்றுக்கு இரண்டு. பக்கவாட்டுப் பட்டை ஒன்று அச்சாணியில் அப்படியும் இப்படியும் சுழல்கிறது. இது எதற்கு? அப்பா இருந்தபோது கேட்காமல் விட்டுவிட்டேன்.

#10 தாம்வே ஆசாரி

தம்பி, அது வெளியே இல்லை, இங்கே பேசுகிற விஷயமே அதுதான்! நாக்கும் காடியும் எடுக்கிற இழைப்புளி அது. அந்தப் பட்டையை ஒரு பக்கம் சுழற்றினால் இரண்டு பிளேடும் மரத்தில் படும், நடுவில் மட்டும் மரம் மிஞ்சும்: அது நாக்கு. மறுபக்கம் சுழற்றினால் ஒரு பிளேடு மட்டும் படும்: அது காடி. பலகையின் ஒரு ஓரத்தில் நாக்கு, அடுத்த ஓரத்தில் காடி. சாமானை மாற்ற வேண்டாம், அளவு பிசகாது. முக்கால் அங்குலத்திலிருந்து ஒன்றே கால் அங்குலக் கனம்வரை பலகைக்கு ஆகும். எங்கள் தாத்தாவிடமும் ஒன்று இருந்தது. மெஷின் வந்த பிறகும் கரண்ட் போன நாளில் அதைத்தான் எடுப்பார்.

துரு ஏறியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எழுத்தை அழித்துவிடாதீர்கள். விற்கவும் விற்காதீர்கள்.

#11 வியாசர்பாடி வாசகன்

விற்பதா! மிக்க நன்றி ஐயா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

#12 தன்லின்காரன்

கிளப்பிவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கிளப்பிவிட்டேன்.

அடிப்பட்டையை எடுத்ததும் பார்த்தால் பலகைக்கும் சுவர்ச் சட்டத்துக்கும் நடுவில் இடமே இல்லை. கடைசிப் பலகையை உளி வைத்து நெம்பித் திணித்திருக்கிறார்கள், உளித்தடம் அப்படியே இருக்கிறது. சட்டத்தில் பலகை அழுந்தி அச்சு விழுந்திருக்கிறது.

இரண்டாவது பலகையை எடுக்கப் போனால் வரவில்லை. நாக்கு வழியாகச் சாய்வாக ஒரு ஆணி, சரி. ஆனால் காடிப் பக்கமும் மேலிருந்து ஒரு ஆணி அடித்து, தலையை உள்ளே தட்டி, மரத்தூளும் கோந்தும் குழைத்துப் பூசி, மேலே வார்னிஷ் போட்டிருக்கிறார்கள். இத்தனை மாதமாக அதன்மேல் நடந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. இரண்டு ஆணியையும் பிடுங்கிய பிறகும் பலகை அசையவில்லை. கடைசியில் ‘படக்’ என்று நாக்கு முறிந்துதான் வந்தது. காடிக்குள் நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெள்ளைக் கோந்து! காடி நிறைய ஊற்றியிருக்கிறார்கள்.

முறிந்த இடத்தில் அளந்தேன். நாக்கு 6 மில்லிமீட்டர் நீளம். காடி 6 மில்லிமீட்டர் ஆழம். முனை போய் அடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அடிப்பக்கத்தில் வார்னிஷ் ஒரு சொட்டுக்கூட இல்லை, மேலே மூன்று பூச்சு.

#13 தாம்வே ஆசாரி

சரி, இப்போது கதை முழுசாகத் தெரிந்துவிட்டது. அந்த லெட்தமாக்கள் சோம்பேறிகள் இல்லை தம்பி. சோம்பேறி இவ்வளவு ஆணி அடிக்க மாட்டான். இறுக்கமாக இருந்தால்தான் நல்ல வேலை என்று நினைத்துவிட்டார்கள். நீங்களும் அப்படித்தானே நினைத்து எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போனீர்கள்?

நாக்கும் காடியும் மரத்தைக் கட்டிப்போட வந்தவை என்று பலருக்கும் நினைப்பு. எங்கள் தாத்தா வேறு மாதிரி சொல்வார்: மரம் நகரும், நகர்ந்தது தெரியக்கூடாது, அதற்குத்தான் நாக்கு. வெயில் காலத்தில் பலகை சுருங்கி இரண்டு மில்லிமீட்டர் இடுக்கு விழுந்தாலும் நாக்கு இன்னும் காடிக்குள் 4 மில்லிமீட்டர் இருக்கும். ஊசி விழாது, கீழ் வீட்டு வெளிச்சம் தெரியாது, பக்கத்துப் பலகை மிதிபட்டால் இதுவும் சேர்ந்து தாங்கும். மழையில் பலகை விரிந்தால் நாக்கு இன்னும் உள்ளே போக வேண்டும். உள்ளே இடம் இருந்தால்தானே போகும்?

அதனால் காடி எப்போதும் நாக்கைவிட ஒரு மில்லிமீட்டராவது ஆழமாக இருக்க வேண்டும். நாக்கின் கனம் பலகைக் கனத்தில் மூன்றில் ஒன்று. நாக்கு நட்டநடுவில் இல்லாமல் கொஞ்சம் கீழே தள்ளி இருந்தால் இன்னும் நல்லது, மேல் உதடு தடிமனாக இருக்கும், பின்னால் தேய்த்து மெருகு போட மரம் மிஞ்சும். கீழ் உதட்டை மேல் உதட்டைவிட ஒரு நூல் உள்ளே வாங்குவோம். அப்போதுதான் மேலே சேரும்போது கீழே இடிக்காது. உங்கள் பலகையைத் திருப்பிப் பாருங்கள், அதை மெஷினில் எடுத்திருக்கிறார்களா என்று.

ஆணி ஒரு பக்கம் மட்டும்தான். நாக்கின் தோளில், 45 பாகை சாய்வில், தலை உள்ளே போகிற மாதிரி. அடுத்த பலகையின் காடி வந்து அதை மூடிவிடும். காடிப் பக்கம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட்டால் ஒவ்வொரு பலகையும் தன் ஒரு மில்லிமீட்டரைத் தன் இடத்திலேயே விரித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் 36 பலகையையும் கோந்து போட்டு ஒரே பலகையாக்கிவிட்டார்கள். 12 அடி அகலப் பலகை! கணக்குப்பிள்ளை சொன்ன ஒன்றரை அங்குலமும் சேர்ந்து ஒரே இடத்தில் வெடித்தது.

ஓரத் தூக்கலுக்குக் காரணம் வேறு. வீட்டு அடியிலிருந்து வருகிற ஈரத்தை, வார்னிஷ் இல்லாத அடிப்பக்கம் குடிக்கிறது, மூன்று பூச்சு போட்ட மேல்பக்கம் குடிக்கவில்லை. அடி விரிந்தால் ஓரம் மேலே வரும். எண்ணெயோ வார்னிஷோ எதுவானாலும் இரண்டு முகத்துக்கும் போட வேண்டும்.

#14 மோல்மீன் பேத்தி

ஆசாரி ஐயா, படிக்கப் படிக்க எங்கள் ஆச்சி வீடு ஞாபகம் வருகிறது. அங்கே தரையில் இடுக்கு இருந்தால்தான் நல்லது என்பார் ஆச்சி. துடைப்பத்தால் நாலு இழுப்பு இழுத்தால் குப்பை எல்லாம் கீழே போய்விடும், முறம் வேண்டாம். அடியிலிருந்து காற்றும் வரும். பர்மிய வீடுகளில் இன்றும் மூங்கில் தரையில் அப்படித்தானே.

என் சந்தேகம் தரை இல்லை, சுவர். எங்கள் வீட்டுத் தென்மேற்குச் சுவர் முழுவதும் படுக்கை வசத்தில் பலகை. 2008-ல் நர்கிஸ் புயல் வந்தபோதுகூட ஒன்றும் ஆகவில்லை, நாங்கள் ஐராவதிப் பக்கம் இல்லை, அதனால் தப்பினோம். ஆனால் போன வருடம் அழுகியவற்றை எடுத்துவிட்டு நாக்கும் காடியும் உள்ள புதுப் பலகை 8 போட்டோம். பழையது ஒழுகவில்லை, புதியது ஒழுகுகிறது. ஒவ்வொரு சேர்ப்பிலும் கறுப்பாக ஒரு கோடு. இதுவும் இடம் விடாததாலா?

#15 தாம்வே ஆசாரி

அம்மா, வீட்டு மூலைப்பட்டையை எடுத்துவிட்டுப் பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். காடி மேலே பார்க்கிறதா, நாக்கு மேலே பார்க்கிறதா?

#16 மோல்மீன் பேத்தி

தம்பியை ஏணியில் ஏற்றிப் பார்த்தோம். 8 பலகைக்கும் காடி மேலே! கொண்டை ஊசியை விட்டு நோண்டினால் உள்ளே கறுப்பாக, ஊறிப்போன தேயிலை மாதிரி வருகிறது. பழைய பலகையில் நாக்கு காடி எதுவும் இல்லை. மேல் பலகையின் அடி ஓரத்தில் பாதிக் கனம் உள்பக்கம் சீவி, கீழ்ப் பலகையின் மேல் ஓரத்தில் பாதிக் கனம் வெளிப்பக்கம் சீவி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

#17 தாம்வே ஆசாரி

நினைத்தேன். காடி மேலே பார்த்தால் 8 பலகைக்கும் தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்த மாதிரி. மோல்மீன் மழை முழுக்க அதில் நிற்கும். படுக்கை வசத்தில் நாக்கு மேலே, காடி கீழே. குடை பிடிக்கிற மாதிரி மேல் பலகை கீழ்ப் பலகையை மூட வேண்டும்.

உங்கள் ஆச்சி வீட்டில் போட்டது அரைக்கு அரை ஏற்றுச் சேர்ப்பு. வெளிச்சுவருக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். தண்ணீர் உள்ளே வந்தாலும் நிற்க இடமில்லாமல் வடிந்துவிடும், ஒரு பலகை கெட்டால் பக்கத்துப் பலகையின் நாக்கை முறிக்காமல் எடுக்கலாம். நாக்கும் காடியும் வீட்டுக்குள்ளே, தரைக்கும் கூரையடிப் பலகைக்கும். நிற்கிற வசத்தில் பலகை போடுகிறவர்கள், தென்மேற்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு முதுகு காட்டுகிற மாதிரி ஏற்றம் வைக்க வேண்டும்.

இன்னொன்று. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் பலகையைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்னாலேயே நாக்குக்கும் ஏற்றத்துக்கும் முதல் பூச்சு கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் சுருங்கும்போது ஒவ்வொரு சேர்ப்பிலும் பெயின்ட் படாத மரம் வெள்ளைக் கோடாகப் பல்லைக் காட்டும்.

#18 மோல்மீன் பேத்தி

அந்த வெள்ளைக் கோடு மார்ச்சில் வந்தது, பெயின்ட் கடையோடு போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். இனி அந்தத் தெருவில் எப்படிப் போவது?

#19 நவீனன்

சரி, லேமினேட் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. மழைக்காலத்திலேயே தரை போட்டுவிட்டால்? மரம் ஏற்கெனவே விரிந்துதான் இருக்கும், இறுக்கி அடித்துவிடலாமே. இனிமேல் சுருங்க மட்டும்தான் செய்யும்.

#20 பகோ கணக்குப்பிள்ளை

முதல்முறையாக நல்ல கேள்வி. எங்கள் ஊரில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மார்ச் ஏப்ரலில் ஒவ்வொரு இடுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும். நாக்கு இருப்பதால் கீழே தெரியாது, ஆனால் இடுக்கில் மண் சேரும். அடுத்த மழைக்கு விரியும்போது அந்த மண் ஆப்பு மாதிரி வேலை செய்யும். நவம்பரில் போடுவதுதான் நல்லது என்பேன். காற்று நடுத்தரம், இரண்டு பக்கமும் பாதிப் பாதி.

#21 தாம்வே ஆசாரி

நவம்பர் என்றால் எனக்கும் சரி. ஆனால் ஜனங்கள் தச்சனைக் கூப்பிடுவது கையில் காசு வரும்போது, காற்றில் ஈரம் நடுத்தரமாக இருக்கும்போது இல்லை. அதனால் எந்த மாதமானாலும் போடத் தெரிந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் போடுகிறோமா, பழைய ஹேக்ஸா பிளேடு நாலைந்து எடுத்துக்கொள்வேன். ஒரு பலகையை அடித்ததும் அடுத்ததற்கு நடுவில் பிளேடைச் செருகி, பலகையைத் தட்டி, ஆணி அடித்து, பிளேடை உருவிவிடுவேன். கனமழை மாதத்தில் போட்டால் பிளேடு வேண்டாம், கையால் தட்டிச் சேர்த்தால் போதும். எப்போது போட்டாலும் சுவரோரம் அரை அங்குலம், இரண்டு பக்கமும். அடிப்பட்டையைச் சுவரில் அடிக்க வேண்டும், தரையில் அடிக்கக் கூடாது.

#22 பகோ கணக்குப்பிள்ளை

அண்ணே, ஒரு நிமிடம். ஹேக்ஸா பிளேடு 0.6 மில்லிமீட்டர். 36 பலகைக்குச் சுமார் 22. சுவரோரம் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு அங்குலம், 25. மொத்தம் 47. நான் போட்ட கணக்கு 40! உங்கள் தாத்தா கணக்குப் போட்டா பிளேடைத் தேர்ந்தெடுத்தார்?

#23 தாம்வே ஆசாரி

தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். முன்னால் தபால் அட்டை வைத்துப் பார்த்திருக்கிறார், அது உருவும்போது கிழிந்துவிடுமாம்.

#24 தன்லின்காரன்

சரி ஐயா, நான் இப்போது என்ன செய்யட்டும்? புதுப் பலகை வாங்க வழியில்லை. 2014 ஏப்ரலில் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்தினார்கள், 2016-ல் ஒரு வருடம் மரம் வெட்டுவதையே நிறுத்தி, பகோ யோமா மலைத்தொடரில் பத்து வருடத்துக்கு வெட்டக்கூடாது என்றார்கள். விலை குறையும் என்று எதிர்பார்த்தேன், குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இருக்கிற பலகையை முறிக்காமல் எடுக்க முடியாது, முறித்தால் நாக்கு போய்விடும்.

#25 தாம்வே ஆசாரி

நாக்கு போனால் போகட்டும், பலகை இருக்கிறதே.

முதல் வேலை, இந்த வாரமே: இரண்டு சுவரோரப் பலகையிலும் நெடுக்கே முக்கால் அங்குலம் அறுத்து எடுங்கள். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்கு மட்டும் வையுங்கள், உத்தரத்தில் இறங்கக் கூடாது, ஆணியில் பட்டால் பிளேடு போச்சு. இடம் கிடைத்ததும் தரை நாலைந்து நாளில் தானாகத் தாழும். மேலே ஆள் ஏறி மிதிக்க வேண்டாம், பாரமும் வைக்க வேண்டாம். லெட்தமாக்கள் சொன்ன மாதிரி மழை விட்டாலும் அடங்கியிருக்கும்தான். ஆனால் கோந்து எங்கே பலவீனமோ அங்கே பிளந்து அடங்கும், அடுத்த வருடம் மறுபடி எழும்பும்.

இரண்டாவது வேலை நவம்பரில். மெல்லிய பிளேடு போட்டுச் சேர்ப்பு வழியாகவே அறுத்துப் பலகைகளைப் பிரியுங்கள். முறிந்த நாக்கு காடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் குடைந்து எடுக்க வேண்டாம். ரௌட்டரில் 6 மில்லிமீட்டர் காடி பிளேடு மாட்டி, அந்தப் பக்கம் பழைய காடி இருந்த இடத்திலேயே 7 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் புதிதாக எடுங்கள். நாக்கு இருந்த பக்கமும் அதே மாதிரி ஒரு காடி. இப்போது இரண்டு ஓரத்திலும் காடி. நடுவில் தனி நாக்கு: 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை 12 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கீறி வைத்துக்கொள்ளுங்கள். 7-ம் 7-ம் 14, நாக்கு 12, இரண்டு மில்லிமீட்டர் மூச்சு விட இடம். கோந்து போட்டே ஆகவேண்டும் என்றால் தனி நாக்கை ஒரு பலகையில் மட்டும் ஒட்டுங்கள், அடுத்ததில் சும்மா நுழையட்டும். தேக்கில் எண்ணெய் இருக்கும், அசிட்டோன் துணியால் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் பிடிக்கும்.

நாக்கு எப்போதும் முகப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அது போனதால் முகப்பில் அதிகம் போகாது. அறுக்கும்போது ஒரு சேர்ப்புக்கு 2 மில்லிமீட்டர் போகும், அதில் கால்வாசியைப் பிளேடு இடைவெளி திருப்பிக் கொடுத்துவிடும். கூடுதலாக ஒரு பலகை வாங்கினால் போதும். பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கனம் கொஞ்சம் வேறாக இருந்தாலும் தனி நாக்கு சமாளிக்கும். மேல் முகத்திலிருந்து அளந்து காடி எடுத்தால் மேலே மட்டம் வந்துவிடும், அடியில் இருக்கிற வித்தியாசத்தை உத்தரத்தின் மேல் சீவித் தட்டி வையுங்கள்.

தேக்கில் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது. சாதாரண இரும்பு பிளேடு பத்துப் பலகைக்குள் மழுங்கும். கார்பைடு முனை வைத்த பிளேடு வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

#26 மாண்டலே மாமா

ரங்கூன் தச்சர்களைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

#27 தன்லின்காரன்

சுவரோரம் அறுத்து 6 நாள் ஆகிறது. ஒரு பக்கம் அறுத்து முடிப்பதற்குள்ளேயே, ரம்பம் போன பாதை பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வியது. ஆப்பு வைத்து வைத்து அறுத்தோம். அதைப் பார்த்த லெட்தமா தலையில் கை வைத்துக்கொண்டார், இப்போது கூலி வாங்காமல் அவரே கூட இருந்து வேலை செய்கிறார். நடுவில் ஒன்றே கால் அங்குலம் இருந்தது கால் அங்குலமாகத் தாழ்ந்திருக்கிறது. ராத்திரிச் சத்தம் இன்னும் இருக்கிறது, ஆனால் சின்னதாக.

நவம்பரில் பிரிக்கும்போது பலகைகளுக்கு வரிசை எண் போட வேண்டுமா? சாக்பீஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.

#28 தாம்வே ஆசாரி

சாக்பீஸ் வேண்டாம், கை பட்டால் போய்விடும். தச்சுப் பென்சிலால் அடிப்பக்கம், கிழக்குத் தலையில் எழுதுங்கள். எந்த ஓரத்தில் ஆணி வரும் என்று ஒரு அம்புக்குறியும் போட்டு வையுங்கள். அந்த லெட்தமாவிடமும் ஒரு பென்சில் கொடுங்கள்.